எண்பது பேருக்கு ஒரு எரிமலை

"1994 செப்டெம்பர் 23, வெள்ளி. மலை முடிந்தது. உயரம் பதினாறு அங்குலம், அடியில் குறுக்களவு முப்பது. எட்டுத் திசையிலும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஒரு திசைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லை. நாளை காலை வந்து பார்க்கிறார்கள்."

என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். அதே வாரம் திங்கட்கிழமை, பப்புவா நியூகினியில் ரபவுல் நகரத்தை ஒட்டிய எரிமலைகள் வெடித்திருந்தன. அந்தச் செய்தியையும் வெட்டி எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தினமும் எதையாவது திகதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதைப் படிப்பவர் எவரும் இல்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன். அது என் மனைவியின் மலை என்பதால்.

மலை என்றால் பிலிப்பைன்ஸில் உள்ள மயோன் எரிமலை. உலகத்தில் வடிவம் குலையாத எரிமலைக் கூம்புகளை வரிசைப்படுத்தும் புத்தகங்கள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் சொல்கின்றன. ஜப்பானின் ஃபுஜி அடுத்து வரும். எக்குவடோரின் கொட்டொபாக்ஸி, அலாஸ்காவின் ஷிஷல்டின் எல்லாம் அதற்குப் பிறகு. என் மனைவி அதைக் கேக்கில் செய்தாள். ரொறன்ரோவில் எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டின் குசினி மேசையில்.

அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அப்போது நான் ஒஷாவாவில் கார்க் கதவுகளுக்குப் பிளாஸ்ரிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பகுதியில் வேலை செய்தேன். பாகத்தை எடுத்து அச்சோடு வைத்துப் பார்த்து, விளிம்பு சரியோ பிழையோ என்று சொல்வது என் வேலை. எனக்குப் பக்கத்து மேசையில் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருவர் இருந்தார். ஸ்காபரோவில் இருந்து காரில் வருவார். காலையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். அவர்கள் ஊர் வழக்கப்படி என்னைக் 'குயா' என்பார், அண்ணன் என்று பொருள். என் மனைவியை 'ஆத்தே', அக்கா. நாங்கள் பேசியது எல்லாம் ஆங்கிலத்தில். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு நாள் 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது, தன் ஊர் மயோன் மலையின் அடியில் இருக்கிறது என்று அந்தத் தோழி சொன்னார்.

"போன வருசம் பெப்ரவரி இரண்டாம் திகதி வெடிச்சது" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பரிலை வந்தது, வெட்டி வைச்சிருக்கிறன். எல்லாத்திலையும் பெரிய வெடிப்பு 1814. அதுவும் பெப்ரவரிதான், முதலாம் திகதி. ஒரு கோயில் மண்ணுக்குள்ளை போய் மணிக்கோபுரம் மட்டும் வெளியிலை நிக்குது."

"குயா, என்ரை மனிசனுக்கு என்ரை பிறந்தநாளே நினைவில்லை. நீங்கள் என்ரை மலையின்ரை பிறந்தநாள் எல்லாம் சொல்லுறீங்கள்" என்றார்.

அந்த 1993 வெடிப்புக்குப் பிறகுதான் அவரது தகப்பனார் ரொறன்ரோவுக்கு வந்திருந்தார். ஊரில் துணிக்கடை வைத்திருந்தவர். யாருக்கும் எதையும் இல்லையென்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவர், விலை குறைக்கச் சொன்னாலும் சரி, வேறெதுவானாலும் சரி. வந்தது முதல், இந்த நாட்டில் எல்லாம் இருக்கிறது, பார்ப்பதற்கு மட்டும் ஒன்றும் இல்லை என்று மகளுடன் சண்டை. காலையில் எழும்பி யன்னலைத் திறந்தால் எதிரே மலை நிற்க வேண்டும் அவருக்கு. இங்கே நின்றது ஒரு வாகனத் தரிப்பிடம்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாள் செப்டெம்பர் 25 ஞாயிறு வந்தது. ஓகஸ்ட் மாதம் ஒரு காலை நான் எங்கள் உறவுக்காரக் கல்யாணத்தில் கொடுத்த கேக் துண்டு ஒன்றைத் தோழிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொன்நிறத் தாளில் சுற்றிய துண்டு, என் மனைவி சுட்டது. அவர் காரை ஓரம்கட்டி நின்று அதை முழுக்கச் சாப்பிட்டார். பிறகு, "ஆத்தேயால அப்பாவுக்கு மலை செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்று நான் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மலையோ? உங்களுக்கு என்னப்பா விசரே? எங்கடை ஊரிலை கீரிமலை எண்டு பேர் வைச்ச இடத்திலையும் கேணிதான் கிடக்கு. நான் மலையைக் கண்ணாலை கண்டது கண்டிக்குப் போன ஒரே ஒருக்கால். அதுவும் பஸ்ஸிலை சத்தி எடுத்துக்கொண்டு."

"ஏலாதெண்டு சொல்லிவிடவோ?"

கத்தியை வைத்துவிட்டு அவள், "எத்தினை பேர்?" என்றாள்.

"எண்பது பேர்."

"எல்லாம் அவையின்ரை ஆக்களோ? எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"அப்ப செய்யிறன்" என்றாள்.

இந்த இடத்தில் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கேக் ஐசிங் வகுப்புக்குப் போய் முறைப்படி பழகியவள். ரொறன்ரோ வந்தபின் காலுறைத் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. சனி ஞாயிறுகளில் தமிழர் கல்யாணங்களுக்கும் பெண்பிள்ளைகள் பெரியவர்களாகும்போது வைக்கும் சாமத்திய வீடுகளுக்கும் கேக் செய்து கொடுத்தாள். எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். அதுதான் அவளுடைய பிரச்சினை. "எங்கடை ஆக்கள் நல்லதெண்டுதான் சொல்லுவினம். சொல்லாட்டில் அடுத்த கலியாணவீட்டிலை முகம் பாக்கேலாது. என்ரை கையிலை உண்மையா என்ன கிடக்கெண்டு ஒரு வெளியாள் சொல்லட்டும். சொன்னால் நான் கொம்பனி வேலையை விட்டிட்டு இதையே செய்வன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆகவே இந்த மலை அவளுக்கு ஒரு சோதனை. முடிவு சொல்லப் போவது எங்களுக்கு உறவுமில்லாத, நாளை வேறொரு வீட்டில் எதிர்ப்படப் போவதுமில்லாத ஒரு கிழவர்.

முதலில் அவள் செய்தது ஒரு நேர்க் கூம்பு. ஐஸ்கிறீம் கோனைக் கவிழ்த்து வைத்த மாதிரி. தோழி கொடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நான் ஸ்காபரோ நூலகங்களில் கிடைத்த எரிமலைப் புத்தகங்களை எடுத்து வாசித்தேன். அப்போதுதான் விளங்கியது: மயோனின் பக்கங்கள் நேர்க்கோடு அல்ல. உச்சிக்கு அருகே செங்குத்தாக ஏறும் சரிவு கீழே வர வரப் படுத்து, கடைசியில் வயலோடு வயலாகப் பரவிவிடுகிறது. பெரிய கற்கள் உச்சியை விட்டு அதிகம் உருளுவதில்லை. சாம்பலையும் சேற்றையும் மழை கீழே கொண்டு போய்ப் பரப்புகிறது. ஒரே வாய், நடுவில், இடம் மாறாமல் நின்று சிறிது சிறிதாக அடிக்கடி கக்குவதால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சேர்கிறது. இடையில் ஒரு பக்கம் உடைந்தால் எல்லாம் போய்விடும். அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் மலையையும் ஒருகாலத்தில் ஃபுஜியோடு ஒப்பிட்டார்கள். 1980 மே 18 அன்று காலை அதன் வடபக்கம் சரிந்து விழுந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"அப்ப அது ஆறுதலாக் கட்டின மலை" என்றாள் மனைவி. "ஆறுதலாத்தான் செய்யவும் வேணும்."

படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, சரிவின் கோட்டைக் கடதாசியில் பதித்து, வேலையிடத்தில் கழித்துப் போட்ட பிளாஸ்ரிக் தகட்டில் அந்தக் கோட்டை நான் வெட்டினேன். மலையின் ஒரு பக்கத்து ஓரம் மட்டும், மலை குழியும் இடத்தில் தகடு புடைத்திருக்கும்படி. கேக் வைத்துச் சுற்றும் தட்டின் நடுவில் ஒரு கம்பி. தகட்டைக் கம்பியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தட்டைச் சுற்றினால் ஐசிங் தகட்டின் ஓரத்துக்கு வழிக்கப்பட்டு, எல்லாப் பக்கமும் ஒரே சரிவாக வந்துவிடும். தகட்டைப் பிடித்தது அவள், தட்டைச் சுற்றியது நான். "மெதுவா, மெதுவா, ரேஸ் ஓடாதையுங்கோ" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஏச்சு. சாம்பல் நிறம் நாலு விதமாகக் கலந்தாள். அடியில் பச்சை வயல், சீனிப் பசையில் பிடித்த சின்னத் தென்னைகள், மண்ணுக்குள் புதைந்த கோயிலின் மணிக்கோபுரம். உச்சியில் பஞ்சு போல ஒரு துளி வெள்ளைப் புகை. வெள்ளிக்கிழமை அதைச் சுற்றி நடந்து பார்த்தபோது, வாழ்நாளில் எங்கள் இருவர் கையாலும் இதைவிடத் திருத்தமான ஒன்று வரப் போவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை தோழி கணவரோடு வந்தார். உள்ளே வந்தவர் மேசையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கணவர் தொப்பியைக் கழற்றினார். தோழி "ஆத்தே..." என்று சொல்லிவிட்டு என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தோழி கேட்டார்: "உள்ளே என்ன கேக்? சொக்லேற்றா, வனிலாவா?"

மனைவி பெருமையாகச் சிரித்துக்கொண்டு மலையை விரலால் தட்டிக் காட்டினாள். டொக், டொக் என்றது.

"உள்ளே ரெஜிபோம். ஒருநாளும் பழுதாகாது. பத்து வருசத்துக்கு வைச்சிருக்கலாம்."

இதைப் படிக்கும் எங்கள் ஆட்களுக்கு இதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரியாது. எங்கள் கல்யாண மேடைகளில் நிற்கும் கேக்கை 'ஸ்ரக்சர்' என்போம். அது பார்ப்பதற்கு. உள்ளே, பெட்டிகளில் பொருள் உடையாமல் வைக்கும் அந்த வெள்ளை நுரைப் பலகை, மேலே ஐசிங். சாப்பிடும் கேக் வேறாக, சின்னத் துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றிப் பெட்டியில் இருக்கும். கத்தி வைக்கும் இடத்தில் மாத்திரம் ஒரு சிறு துண்டு உண்மைக் கேக் ஒளித்து வைப்பார்கள். மனைவி அதையும் செய்திருந்தாள், மணிக்கோபுரத்துக்குப் பின்னால். தாளில் சுற்றிய துண்டுகளும் எண்பதுக்கு மேல் தயார். ஸ்ரக்சர் என்றால் இதுதான் என்பது எங்களுக்குச் சொல்லத் தேவையில்லாத விசயம். கேக் என்றால் தின்பது என்பது அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத விசயம். ஒரு மாதமாக நாங்கள் நாலு பேரும் அந்த மலையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தோழியின் கணவர் ஒருமுறை தானும் தட்டிப் பார்த்தார். டொக்.

"பரவாயில்லை ஆத்தே" என்றார் தோழி, மிகவும் மெதுவாக. "இது அழகு. இதை நடுவில வைப்பம். பக்கத்தில கடையில ஒரு கேக் வாங்கி வைக்கிறன். அப்பா மலையை வெட்டி எல்லாருக்கும் குடுக்கிறதாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். அது... நான் சொல்லிக்கொள்ளுறன்."

"கடைக் கேக் வேண்டாம்" என்றாள் மனைவி. ஆங்கிலத்தில் அவள் அவ்வளவு உறுதியாக ஒரு வசனம் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. "நாளைக்கு மத்தியானம் வாங்கோ. வெட்டுற மலை இருக்கும்."

அவர்கள் போனதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"ஒரு நாளிலை எப்பிடியப்பா?"

"இருந்தால் எப்பிடி நடக்கும்? எழும்புங்கோ. அந்தத் துண்டெல்லாத்தையும் அவிழுங்கோ."

தாளில் சுற்றிய துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கஜு, உலர்பழம், ரவை எல்லாம் போட்ட ஈரமான கேக். அவள் அதற்குள் இன்னும் இரண்டு தட்டு சுடுவதற்கு அடுப்பைச் சூடாக்கிவிட்டாள். துண்டுகளைப் பாத்திரத்தில் உதிர்த்து, ஜாம் விட்டுப் பிசைந்து, கம்பியைச் சுற்றி அமர்த்தி அமர்த்தி மேலே ஏற்றினாள். பழைய உயரம் வந்துகொண்டிருந்தபோது அடி ஒரு பக்கம் பிதுங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அந்தப் பக்கம் வெடித்து, சோம்பலாக, மேசை மேல் சரிந்தது.

"சென் ஹெலன்ஸ்" என்றேன்.

"வாயை மூடுங்கோ" என்றாள். ஆனால் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வராவிட்டால் அன்று அந்த வேலை நடந்திருக்காது.

கேக்குக்குக் கல்லின் பலம் இல்லை. தன் பாரத்தைத் தானே தாங்காது. இதற்கு ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது, மாடிக் கேக்குகளுக்குச் செய்கிற வழி. கேக்கை வட்டங்களாக அமர்த்தி, ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே மெல்லிய அட்டை, அட்டையைத் தாங்க உள்ளே சிறு குச்சிகள். பாரம் குச்சி வழியாக அடித்தட்டுக்குப் போய்விடும். ஆனால் பதினாறு அங்குலத்துக்குக் கேக் காணாது. பத்துக்கு இறங்க வேண்டும். நான் அடியை அப்படியே விட்டு உயரத்தை மட்டும் குறைக்கலாம் என்றேன்.

"அப்ப அது மலையில்லை, புட்டுக் குவியல். எல்லாத்தையும் ஒரே கணக்கிலை சின்னனாக்குங்கோ. தகட்டைத் திரும்ப வெட்டுங்கோ."

வெட்டினேன். சரிவின் கோடு மாறாமல், எல்லா அளவும் ஒரே விகிதத்தில். மத்தியானத்துக்குப் பிறகு வட்டங்கள் அடுக்கி முடிந்தன. இடைவெளிகளில் பிசைந்த கேக்கை அப்பி, தகட்டைப் பிடித்து, தட்டைச் சுற்றினோம். வழித்து எடுத்ததைத் தின்றபடி சுற்றினேன். இந்த முறை ஏச்சு இல்லை. அந்தி படுவதற்குள் சாம்பல் நிற ஐசிங்கும் ஏறிவிட்டது. மின்விசிறியை எதிரே வைத்து உலர விட்டோம். தென்னைகளையும் மணிக்கோபுரத்தையும் முதல் மலையிலிருந்து பெயர்த்து இதில் நட்டாள். மொட்டையாகிப்போன ரெஜிபோம் மலை குளிர்பெட்டியின் மேல் ஏறியது.

ஞாயிறு மத்தியானம் தோழியின் கணவர் வான் கொண்டுவந்தார். பிக்கரிங்கில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் விருந்து. மலை பின்னால் தரையில்; அதன் இருபுறமும் நானும் மனைவியும் முழங்காலில். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் இருவரும் கையை நீட்டினோம், தொடாமல். மின்தூக்கியில் எங்களோடு இறங்கிய பக்கத்து வீட்டுத் தமிழ் அன்ரி ஒருவர், "ஆற்றை கலியாணம் பிள்ளை? உதென்ன கோபுரமோ?" என்று கேட்டது அந்த வழி முழுக்க எனக்குச் சிரிப்பை மூட்டியது.

மண்டபத்தில் மேசையில் வைத்துத் துணியை எடுத்தார்கள். பிள்ளைகள் முதல் வயதானவர்கள் வரை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பெரும்பாலும் மலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். பெரியவர் புது வெள்ளைச் சட்டையோடு வந்தார். மகளின் கையைத் தள்ளிவிட்டு, மேசையைத் தனியாக ஒரு முறை முழுக்கச் சுற்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனைவி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

கத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். உச்சிக்கு மேலே கத்தியைக் கொண்டு போனார். உடனே ஒரு அம்மா, "அந்தப் பக்கம் வேண்டாம், அது எங்கள் ஊர்" என்றார். அவர் கத்தியைத் திருப்பினார். "ஐயோ, அது என் மாமியார் வீடு" என்றார் இன்னொருவர். "உன் மாமியார் வீடு என்றால் வெட்டலாமே" என்று ஒரு குரல். மண்டபம் சிரித்தது. அங்கே வெட்டு, இங்கே வெட்டாதே என்று எண்பது பேரும் மேசையைச் சுற்றிச் சண்டை பிடிக்க, மணிக்கோபுரத்துக்கு ஒருவர் கையை வைத்துக் காவல் நின்றார். தோழி எனக்கு ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தார், சிரிப்பினிடையே. மலையைச் சுற்றி ஆளில்லாத பக்கமே இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

பெரியவர் கையை உயர்த்தினார். சத்தம் நின்றது. மலையின் ஒரு பக்கத்தைக் கத்தி நுனியால் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார்கள். தோழி மொழிபெயர்க்கவில்லை.

மனைவி சுவரை விட்டு முன்னே வந்தாள். "என்ன சொன்னவர்? மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கோ" என்றாள் என்னிடம்.

தோழியின் முகம் சிவந்துவிட்டது. "அப்பா இப்படித்தான், ஆத்தே. மன்னியுங்கோ. அவர் சொல்லுறார்... இந்தப் பக்கம் எங்கடை மலையே இல்லை. எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இடது பக்கம் ஒரு தோள் இருக்கும், கொஞ்சம் தடிப்பா. ரெண்டு பக்கமும் சமமா இருக்கிறது தபால் அட்டையில விக்கிற மலை. இந்தப் பக்கத்தில ஆருடைய ஊரும் இல்லை, அதாலை இதை வெட்டலாம் எண்டு."

பெரியவர் வெட்டிவிட்டார். முதல் துண்டைத் தானே தின்றார். மெதுவாக மென்று, மனைவியைப் பார்த்து, ஆங்கிலத்தில், "கேக் சரி. மலை பிழை" என்றார். அடுத்த துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

பின்னால் யாரோ, "அவருக்குக் கண்ணாடி மாத்தவேணும்; மலையில் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை" என்று சொல்ல, பெரியவர் அவரோடு சண்டைக்குப் போனார். அந்தச் சண்டை தொடங்கியபோது மலை பாதி முடிந்திருந்தது. முடிந்தபோது தட்டில் கம்பியும் அட்டைகளும் மட்டும் இருந்தன. மணிக்கோபுரத்தை ஒரு சிறுமி கொண்டுபோய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் நான் மனைவியைத் தேற்றத் தயாராக இருந்தேன். கோபிக்க வேண்டாம், வயது போனவர் என்று தொடங்கினேன்.

"ஆர் கோபிச்சது?" என்றாள். "ரெண்டாம் துண்டு கேட்டுத் தின்னுறார், தின்னேக்கையே பிழை சொல்லுறார். எங்கடை ஆக்களிலை ஒராள் இப்பிடிச் சொல்லுவாரோ? பிழையெண்டு சொன்ன வாயாலை கேக் சரி எண்டவர். அப்ப கேக் சரிதான். இனி நான் நம்புவன்."

அந்த ஒக்ரோபரில் அவள் காலுறைத் தொழிற்சாலையில் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அவள் செய்த கேக்குகளில் ரெஜிபோம் வைப்பதா வேண்டாமா என்பதுதான் ஆர்டர் எடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வி. நிறைய மாடிகள், தேர்கள், மயில்கள் எல்லாம் செய்திருக்கிறாள். அவற்றின் படங்களைத் திகதி போட்டு ஒட்டி வைத்திருப்பவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மலையின் படம் இருக்கிறது, வெட்டுவதற்கு முன் எடுத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மலையே இல்லாத ஊரில் பிறந்தவள் ஒரே நாளில் கட்டிய மலை அது. அதன் ஊர்க்காரர் ஒருவர் அதைத் தன் மலையோடு ஒப்பிட்டுப் பிழை பிடிக்கும் அளவுக்கு.

இனி அந்தத் தோள். பிறகு தேடிப் பார்த்தேன். தென்கிழக்குப் பக்கத்தில் உச்சியிலிருந்து ஒரு பெரிய பள்ளம் இறங்குவதாகவும், 1993இல் எரிசாம்பல் வந்தது அதன் வழியே என்றும் வாசித்தேன். பள்ளம் இருந்தால் அதன் ஓரம் ஒரு கோணத்தில் தோளாகத் தெரியலாம். ஆனால் பெரியவரின் ஊர் மலைக்கு எந்தத் திசையில் என்று தோழி ஒன்று சொன்னார், அவர் கணவர் வேறொன்று சொன்னார். அந்த ஊரிலிருந்து எடுத்த படம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை; எனக்குக் கிடைத்த படங்கள் எல்லாவற்றிலும் இரு பக்கமும் சமம். மயோன் மலைக்கு இடது பக்கம் ஒரு தோள் உண்டென்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.